போலிகளையே கேட்டு வாங்குங்கள்: ஒரு தமிழ்ப் பகடி ஸ்டிக்கர் தொகுப்பு

தியாகராய நகரில், பாண்டி பஜாரின் அகன்ற நடைபாதையை விட்டு உள்ளே திரும்பும் பக்கத் தெரு ஒன்றில், நோட்டுப் புத்தகமும் பேனா ரீஃபில்லும் நவராத்திரி சமயத்தில் சின்னஞ்சிறு கொலுப் பொம்மைகளும் விற்கும் ஒரு ஸ்டேஷனரிக் கடை இருக்கிறது. அந்தக் கடையின் கண்ணாடி மேசைக்குள், பிறந்தநாள் வாழ்த்து அட்டைகளுக்கு அடியில், இந்தத் தொகுப்பு பாதி மறைந்து கிடக்கிறது. பழுப்புக் காகித உறைக்குள் 20 ஸ்டிக்கர்கள்; விலை 160 ரூபாய். உறையின் மேல் கொட்டை எழுத்தில், ஒரு காலத்துப் பல்பொடிப் பொட்டலங்களின் சிவப்பு வண்ணத்தில், "போலிகளையே கேட்டு வாங்குங்கள்" என்று அச்சிட்டிருக்கிறார்கள். வெளியிட்டவர் பெயரோ முகவரியோ எங்கும் இல்லை. கடைக்காரரைக் கேட்டால், "படம் வரையுற தம்பி ஒருத்தர் கொண்டாந்து குடுப்பார் சார், வித்ததுக்குக் கணக்குப் பார்த்துக் காசு வாங்கிட்டுப் போவார்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். எனவே தொகுப்பின் பெயராக உறையில் உள்ள வாசகத்தையே கொள்ள வேண்டியிருக்கிறது.

ஒவ்வொரு ஸ்டிக்கரும் நம் வீட்டு அலமாரியிலோ, குளியலறையிலோ, தெருமுனைப் பெட்டிக்கடையிலோ நெடுங்காலமாக இருந்துவரும் ஏதோ ஒரு பொருளின் லேபிளைப் போல வரையப்பட்டு, பெயரிலும் படத்திலும் குறும்பாகத் திரிக்கப்பட்டிருக்கிறது. நரசுஸ் காபி இங்கே "அரசுஸ் காபி" ஆகியிருக்கிறது. ஆவி பறக்கும் டபரா டம்ளர் கட்டுக்கட்டான கோப்புகளின் மேல் அமர்ந்திருக்க, அடியில் "பேஷ் பேஷ், அடுத்த வாரம் வாங்க" என்ற வாசகம் ஓடுகிறது. நிஜாம் பாக்குப் பொட்டலம் "நிஜமா பாக்கி" என்று மாறி, பெட்டிக்கடைக் கணக்கு நோட்டின் ஒரு பக்கத்தைத் தன் பின்னணியாக வைத்திருக்கிறது. கோபால் பல்பொடி "கோபால் பல்போச்சு" ஆகி, இளஞ்சிவப்புப் பொட்டலத்திலிருந்து பொக்கைவாய்த் தாத்தா ஒருவர் வெகு திருப்தியாகச் சிரிக்கிறார். நிர்மா "நிர்மூலம்" ஆகிவிட்டது. துவைத்து உலர்த்திய சட்டையில் காலரும் பொத்தான்களும் மட்டுமே மிச்சமிருக்கின்றன.

இவற்றைச் சொல்லிக் காட்டும்போது வெறும் சிலேடையாகத்தான் தோன்றும். கையில் எடுத்துப் பார்த்தால்தான் இதன் தரம் புரியும். "எப்போ ரெடி" என்ற ஸ்டிக்கரை எடுத்துக்கொள்ளுங்கள். எவரெடி பேட்டரியின் சின்னத்தில் ஒன்பது என்ற எண்ணின் வளையத்துக்குள் பூனை ஒன்று பாயும். டார்ச் லைட் வைத்திருந்த எந்த வீட்டிலும் அந்தப் பூனையைத் தெரியாத குழந்தை இருந்திருக்க முடியாது. இந்த ஸ்டிக்கரில் அதே சிவப்பு, அதே எண், அதே பூனை. பாயத்தான் இல்லை, வளையத்துக்குள் சுருண்டு படுத்து உறங்குகிறது. முதல் பார்வையில் உண்மையான பேட்டரி என்றே கண் நம்பிவிடுகிறது. பூனை தூங்குவது தெரிவதற்குள் ஒரு நொடி கடந்துவிடுகிறது. பகடி ஸ்டிக்கர் என்னும் கலையின் முழு உயிரும் அந்த ஒரு நொடியில் இருக்கிறது என்பது என் எண்ணம். இந்தத் தொகுப்பின் வெற்றியையும் தோல்வியையும் அந்த ஒரு நொடியை வைத்தே அளக்கப் போகிறேன்.

இந்தக் கலைக்கு ஒரு மூத்த மரபு உண்டு. அமெரிக்காவில், பேஸ்பால் வீரர்களின் பட அட்டைகளையும் பஸூக்கா பபிள்கம்மையும் விற்றுவந்த டாப்ஸ் நிறுவனம் 1967-இல் "வேக்கி பேக்கேஜஸ்" என்ற பெயரில் விளம்பரப் பொருள்களைக் கேலி செய்யும் அட்டைகளை வெளியிட்டது. அந்த முதல் தொகுதியை அட்டையிலிருந்து பிய்த்தெடுத்து, பின்புறத்தை ஈரப்படுத்தி ஒட்ட வேண்டும். 1973-இல் அவை உரித்து ஒட்டும் ஸ்டிக்கர்களாக மறுபிறவி எடுத்தபோதுதான் அமெரிக்கப் பள்ளிகள் அமளிப்பட்டன. ஐந்து சென்ட் உறைக்குள் இரண்டு ஸ்டிக்கர்களும் ஒரு துண்டுப் பபிள்கம்மும் இருக்கும். அடுத்த சில ஆண்டுகளுக்குள் 16 தொகுதிகள் வந்தன. அந்த நிறுவனத்தின் சோறு என்று சொல்லத்தக்க பேஸ்பால் அட்டைகளையே இவை ஒரு கட்டத்தில் விற்பனையில் முந்தின. 1973-இலேயே நியூயார்க் இதழ் இந்தப் பித்தை அட்டைப்படக் கட்டுரையாக்கியது.

அதற்குப் பின்னால் இருந்த கைகளைக் கவனிக்க வேண்டும். யோசனைகளைத் தந்தவர்களுள் ஒருவர் ஆர்ட் ஸ்பீகல்மேன். நாஜி வதைமுகாமிலிருந்து மீண்ட தம் தந்தையின் கதையைச் சித்திர வடிவில் எழுதி 1992-இல் சிறப்பு புலிட்சர் விருது பெற்ற அதே ஸ்பீகல்மேன்தான். மற்றொருவர் ஜே லிஞ்ச், மாற்றுச் சித்திரக்கதை உலகில் அறியப்பட்டவர். ஆனால் அவர்கள் கிறுக்கித் தந்த வேடிக்கைகளை உண்மையான டப்பாவாகவும் புட்டியாகவும் வண்ணத்தில் தீட்டியவர்களுள் முதன்மையானவர் நார்ம் சாண்டர்ஸ். 1907-இல் பிறந்த அவர், 1930-களிலிருந்து மலிவு விலை மர்மக்கதை இதழ்களுக்கு அட்டைப்படம் தீட்டிக் கைபழகியவர். துப்பாக்கியும் புகையும் கண்களில் மிரட்சியுமாக வரைந்துகொண்டிருந்த அந்த மனிதர், எழுபதை நெருங்கும் வயதில் சோப்புப் பெட்டியின் விளிம்பில் விழும் வெளிச்சத்தையும் தகர டப்பாவின் பளபளப்பையும் அதே சிரத்தையோடு தீட்டினார். அவர் அந்த டப்பாவை டப்பாவாகவே மதித்து வரைந்ததால்தான் அதன் மேல் எழுதியிருந்த அபத்தம் நம்மைக் கவிழ்த்தது. ஏனோதானோவென்று வரைந்திருந்தால், பள்ளிக்கூடக் கழிப்பறைச் சுவரில் எழுதும் கேலியளவில் நின்றிருக்கும்.

இதெல்லாம் எனக்கு மிகப் பின்னாளில்தான் தெரியவந்தது. நான் அந்த ஸ்டிக்கர்களைப் பார்த்தது மாம்பலத்தில், 1970-களின் நடுப்பகுதியில். என் பெரியப்பாவின் மூத்த மகன், நாங்கள் அனைவரும் அண்ணா என்றே அழைக்கும் ஒருவர், மேற்படிப்புக்காக அமெரிக்கா சென்றிருந்தார். அவர் எழுதும் கடித உறைகளுக்குள் சில சமயம் இரண்டு மூன்று ஸ்டிக்கர்கள் வரும். பபிள்கம் வந்ததே கிடையாது. அதன் சர்க்கரைத் தூளின் மெல்லிய மணம் மட்டும் காகிதத்தில் ஒட்டிக்கொண்டு கடல் கடந்து வரும். என் அலுமினியப் பள்ளிப் பெட்டியின் உள்மூடியில் அவற்றை ஒட்டி வைத்திருந்தேன். வெளியே ஒட்டியிருந்தால் ஆசிரியர் கண்ணில் பட்டிருக்கும். வீட்டுப் பீரோவில் ஒட்டிய ஒன்றை அம்மா மண்ணெண்ணெய்த் துணியால் தேய்த்து எடுக்க முயன்று, பாதியோடு விட்டுவிட்டார்.

அந்த ஸ்டிக்கர்களில் ஒரு விசித்திரம் இருந்தது. அவை கேலி செய்த பொருள்களில் பெரும்பாலானவற்றை நாங்கள் கண்ணால் பார்த்ததில்லை. எவரெடியை "நெவரெடி" என்று கிண்டல் செய்தது உடனே புரிந்தது. ஏனென்றால் அந்த பேட்டரி எங்கள் வீட்டிலும் இருந்தது, அது கைகொடுக்காத மின்தடை இரவுகளும் எங்களிடம் இருந்தன. பேண்ட்-எய்ட் என்பது "பேண்ட்-ஏக்" ஆனதையும் அப்பா விளக்கியதும் பிடித்துக்கொண்டோம். ஆனால் ஜெல்-ஓ என்ற இனிப்புப் பண்டத்தை "ஜெயில்-ஓ" ஆக்கியிருந்ததைப் பார்த்தபோது, அமெரிக்காவில் கைதிகளுக்கென்று தனியாக ஓர் உணவு விற்கிறார்கள் போலும் என்றுதான் எங்கள் தெருவின் பெரும்பான்மைக் கருத்து இருந்தது. குவேக்கர் ஓட்ஸின் தொப்பிக்காரருக்குப் பதில் வாத்து ஒன்று தொப்பி அணிந்து நின்ற "குவாக்கர் ஓட்ஸ்" எங்களுக்கு வாத்துத் தீவனம். பல ஆண்டுகளுக்குப் பிறகு அசல் குவேக்கர் ஓட்ஸ் டப்பா சென்னைக் கடைகளுக்கு வந்தபோது, அதிலிருந்த பெரியவரின் முகத்தைப் பார்த்து நான் வாய்விட்டுச் சிரித்தேன். எனக்கு அவர்தான் வாத்தின் பகடி.

கேலியை ரசிப்பதற்கு அசலோடு பழக்கம் வேண்டும் என்ற எளிய உண்மை இதில் அடங்கியிருக்கிறது. அந்தப் பழக்கம் எங்களுக்கு அமெரிக்கப் பொருள்களோடு இல்லாவிட்டாலும், அசலையும் போலியையும் பிரித்தறியும் பயிற்சி வேறு எந்த நாட்டுக் குழந்தைக்கும் குறையாமல் இருந்தது. தீப்பெட்டிப் படம் சேர்த்தவர்களுக்கு இது தெரியும். சிவகாசியிலும் சாத்தூரிலும் கோவில்பட்டியிலும் அச்சாகிவந்த லேபிள்களில், பெயர்பெற்ற ஒரு சின்னத்தை ஒட்டி, ஒரே ஓர் எழுத்தையோ ஒரு மிருகத்தின் வாலையோ மாற்றிய சின்னங்கள் எத்தனையோ உண்டு. அவற்றைச் சேகரிப்பதில் தனி மதிப்பே இருந்தது. அசல் படம் எல்லோரிடமும் இருக்கும். அதன் சாயலில் வந்த, பெயர் சற்றே பிசகிய படத்துக்குத்தான் மாற்றுச் சந்தையில் இரண்டு படம் கொடுப்பார்கள். யாரும் சிரிக்க வேண்டும் என்று அவற்றை அச்சிடவில்லை. ஆனாலும் நாங்கள் சிரித்தோம். அந்நாளில் ஊதுபத்தி முதல் மூலத் தைலம் வரை எல்லா லேபிள்களிலும் "போலிகளைக் கண்டு ஏமாறாதீர்கள்" என்ற எச்சரிக்கை இருக்கும். போலியின் லேபிளிலும் அதே எச்சரிக்கை இருக்கும் என்பது அதைவிடப் பெரிய நகைச்சுவை.

நம் ஊரில் பிறகு வந்த சேகரிப்புகளைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. பிக் ஃபன் பபிள்கம்மோடு வந்த கிரிக்கெட் வீரர் படங்கள், 1990-களின் பிற்பகுதியில் சிப்ஸ் பொட்டலத்துக்குள் எண்ணெய் மினுமினுப்போடு கிடந்த டாசோ வட்டங்கள், மல்யுத்த வீரர்களின் டிரம்ப் கார்டுகள் எல்லாம் பெயரையும் புகழையும் சேர்த்தவை. கேலியைச் சேர்த்தவை அல்ல. தமிழில் கேலிக்குப் பஞ்சமில்லை. மேடையில் உண்டு, வாரப் பத்திரிகையின் கால்பக்கத்தில் உண்டு, ஆட்டோவின் முதுகில் உண்டு. உரித்து ஒட்டிக்கொள்ளத்தக்க கேலி மட்டும் இல்லாமலே இருந்தது. அந்தக் குறையை இந்தப் பெயரற்ற தொகுப்பு நிரப்புகிறது என்பதால்தான் இவ்வளவு நீட்டி எழுதத் துணிந்தேன்.

தொகுப்பின் ஆகச் சிறந்த ஸ்டிக்கர் எது என்று கேட்டால், தயங்காமல் "லைஃப் போய்" என்பேன். சிவப்புச் சோப்பு தேய்ந்து தேய்ந்து, அட்டை போல மெலிந்து, புதுச் சோப்பின் முதுகில் ஒட்டவைக்கப்பட்ட நிலையில் வரையப்பட்டிருக்கிறது. இரண்டு சோப்புகளுக்கும் இடையே ஒட்டாமல் நிற்கும் இடைவெளி, அதில் சிக்கிய ஒற்றை முடி, ஓரத்தில் நகம் பதிந்த தடம், எதையும் ஓவியர் விடவில்லை. கீழே "இன்னும் நாலு நாள் வரும்" என்று எழுதியிருக்கிறது. இந்த வாக்கியத்தைக் கேட்காமல் வளர்ந்த தமிழ்க் குழந்தை உண்டா? கேலி செய்யப்படுவது சோப்பு நிறுவனம் அன்று, சோப்பைத் தூக்கியெறிய மனம் வராத நம் வீட்டுப் பெரியவர்களும் அந்தப் பழக்கத்தை அப்படியே வாங்கிக்கொண்ட நாமும்தான் என்பதால் இந்த ஸ்டிக்கர் மற்றவற்றைவிட ஒருபடி மேலே நிற்கிறது.

அதற்கு அடுத்த இடத்தில் "அழுவார்ட்ஸ் கிரைப் வாட்டர்". வுட்வர்ட்ஸ் புட்டியின் சின்னத்தில் பாம்புகளை நெரிக்கும் குழந்தை ஹெர்குலிஸ் இருப்பதை எத்தனை பேர் கவனித்திருப்பார்கள் என்று தெரியவில்லை, ஓவியர் கவனித்திருக்கிறார். இங்கே குழந்தை கைகளை விரித்து நிம்மதியாகத் தூங்க, பாம்புகளின் இடத்தில் இரண்டு கைபேசி சார்ஜர் வயர்கள் நெளிகின்றன. கண்கள் சிவந்த தந்தை ஒருவர் விளிம்பில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறார். பிறகு "பார் லேசு-ஜி". ஐந்து ரூபாய் என்ற விலையை மாற்றாமல் உள்ளே இருப்பதன் எடையை மட்டும் சிறுகச் சிறுகக் குறைத்துவரும் பொட்டலப் பண்ட வணிகம் முழுவதற்கும் இந்த ஒரு ஸ்டிக்கர் பதில் சொல்கிறது: மஞ்சள் பொட்டலம் ஒரு பலூனாகி மேலே பறக்க, பிள்ளை அதன் நூலைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்க்கிறது.

கூர்மையில் முதலிடம் "பேர் மட்டும் லவ்லி" என்பதற்கு. சிவப்பழகு வாக்குறுதி தந்து பல தலைமுறைப் பெண்களின் மேசையில் இருந்துவந்த ஃபேர் அண்ட் லவ்லி க்ரீம் 2020-இல் க்ளோ அண்ட் லவ்லி என்று பெயர் மாறியது நினைவிருக்கும். ஸ்டிக்கரில் க்ரீம் குழாய் அப்படியே இருக்கிறது. பழைய பெயரின் மேல் வெள்ளைக் காகிதத் துண்டு ஒன்று கோணலாக ஒட்டப்பட்டு, அதன் ஓரம் சற்றே பிரிந்து பழைய எழுத்தின் வால் எட்டிப்பார்க்கிறது. ஒரு ஸ்டிக்கருக்குள் இன்னொரு ஸ்டிக்கரை வரைந்து, அது ஒட்டாமல் பிரிவதையே நகைச்சுவையாக்கிய இந்த யோசனைக்காக அந்த முகம் தெரியாத தம்பியைத் தேடிப் பிடித்துக் கைகுலுக்கத் தோன்றுகிறது.

இனி மறுபக்கம். இருபதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சலிப்பூட்டுகிறது, அந்தச் சலிப்புக்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: வரையவில்லை. "போர்லிக்ஸ்" என்ற ஸ்டிக்கரில் எழுத்து மட்டும் மாறியிருக்கிறது. புட்டியும் இல்லை, மூடியும் இல்லை, கணினியில் கிடைத்த ஆயத்த எழுத்துருவில் ஒரு சொல், அவ்வளவே. மாணவன் கொட்டாவி விடுவதாக ஒரு கோடு போட்டிருந்தால்கூட உயிர் வந்திருக்கும். "மாமியா மசாலா" என்ற ஒன்று, மாமியார் கையில் கரண்டியோடு நிற்கும் அரதப் பழசான நகைச்சுவை. வாட்ஸ்அப் குழுக்களிலேயே அலுத்துப்போன விஷயத்தைக் காசு கொடுத்து வாங்கி ஒட்டிக்கொள்ள யாருக்கு மனம் வரும்? பருத்த உடலைக் கேலி செய்யும் ஒரு பாமாயில் டின்னும் உண்டு. அது அசலாக எந்தப் பொருளின் லேபிளையும் பகடி செய்யவில்லை, அதனாலேயே அந்த ஒரு நொடி ஏமாற்றமும் அதில் இல்லை. மிஞ்சுவது வசை மட்டும். இவற்றை நீக்கி, நல்லவை பன்னிரண்டை மட்டும் நூறு ரூபாய்க்குத் தந்திருந்தால் தொகுப்பின் மதிப்பு இரட்டித்திருக்கும்.

வரைந்தவற்றின் வண்ணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய லேபிள்களின் வண்ணம் நாம் இன்று கணினித் திரையில் பார்க்கும் வண்ணம் அன்று. கோவில்பட்டியில் சி. கொண்டையராஜுவும் அவருடைய மாணவர்களும் தீட்டிய தெய்வப் படங்கள் சிவகாசி ஆஃப்செட் இயந்திரங்களில் நாள்காட்டிகளாகி நம் சுவர்களுக்கு வந்த காலத்தில், அந்த ரோஜா நிறக் கன்னமும் மயில்கழுத்து நீலமும் தீப்பெட்டி, ஊதுபத்தி, பட்டாசு லேபிள்கள் வரை பரவின. அந்த நிறங்களுக்குப் பழகிய கண், லேபிள் என்றாலே சற்று மிகையான சிவப்பையும் சற்றே அழுக்கேறிய மஞ்சளையும் எதிர்பார்க்கிறது. தொகுப்பின் நல்ல ஸ்டிக்கர்கள் இதை உணர்ந்து, விளிம்பில் வண்ணம் கோட்டிலிருந்து இம்மியளவு விலகியிருப்பதைக்கூட வேண்டுமென்றே வரைந்து காட்டுகின்றன. பழைய அச்சில் பிழையாக நேர்ந்ததை இங்கே அழகாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். குறை, மஞ்சள் மட்டும் பல ஸ்டிக்கர்களில் பச்சை பக்கம் சாய்ந்திருக்கிறது. அது வேண்டுமென்று செய்ததாகத் தெரியவில்லை.

பொருளின் தரத்தில் ஏமாற்றம் அதிகமில்லை. காகிதம் இல்லை, வினைல். மேலே மேட் லேமினேஷன் போட்டிருப்பதால் விரல்தடம் பதிவதில்லை. அச்சகக்காரர்கள் ஹாஃப் கட் என்று சொல்லும் முறையில், மேல்தாளை மட்டும் வடிவத்துக்கு வெட்டி அடித்தாளை முழுதாக விட்டிருக்கிறார்கள். வெட்டு பெரும்பாலும் துல்லியம். பூனையின் மீசைக்குப் பக்கத்தில் மட்டும் கத்தி சற்றுத் தடுமாறியிருக்கிறது. நான் ஒன்றை ஸ்கூட்டரின் முன்புறத்திலும், ஒன்றை எவர்சில்வர் டிபன் பாக்ஸிலும், ஒன்றைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவிலும் ஒட்டிப் பார்த்தேன். சென்னை வெயிலில் நாள் முழுவதும் நின்ற ஸ்கூட்டரில் ஸ்டிக்கர் நன்றாகவே தாக்குப்பிடித்தது. ஓரத்தில் பசை கசிந்து தூசியைப் பிடித்து ஒரு கறுப்புக் கோடு மட்டும் விழுந்திருக்கிறது. புதுப்பேட்டையில் வண்டிக்கு ஒட்டித் தரும் ரேடியம் ஸ்டிக்கரின் உழைப்பை இதனிடம் எதிர்பார்க்க வேண்டாம். டிபன் பாக்ஸ் தேய்த்துக் கழுவக் கழுவ ஓரம் தூக்கிக்கொண்டது. குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியது ஒட்டியபடி இருக்கிறது. அதைவிட முக்கியமாக, உரித்தால் தடமின்றி வந்துவிடுகிறது. வாடகை வீட்டில் இருப்பவர்கள் கவலையின்றி வாங்கலாம்.

என் தலைமுறையினர் சிலர் இதைக் கேட்டு முகம் சுளிக்கக்கூடும். தடமின்றி வந்துவிடும் ஸ்டிக்கர் என்ன ஸ்டிக்கர்? ஒட்டினால் ஒட்டியதுதான் என்பதால், எங்கே ஒட்டுவது என்று நாங்கள் வாரக்கணக்கில் யோசித்தோம். ஒட்டாமலே வைத்திருந்து மடிப்பு விழுந்து வீணானவையும் உண்டு. பலர் அவற்றை ஒட்டவே இல்லை, சேர்த்துதான் வைத்தார்கள். அந்தத் தயக்கம் சேகரிப்பின் பாதி இன்பம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் அம்மாவின் மண்ணெண்ணெய்த் துணியையும் நான் மறக்கவில்லை. புதிய வினைலின் பக்கமே என் வாக்கு.

இதைவிடப் பெரிய இழப்பு வேறொன்று. இந்தத் தொகுப்பை வாங்கினால் இருபதும் ஒரே சமயத்தில் கிடைத்துவிடுகின்றன. எது வரும் என்று தெரியாமல் உறையைப் பிரிக்கும் படபடப்பு இல்லை; ஒரே படம் திரும்பத் திரும்ப வந்து எரிச்சலூட்டுவதில்லை; அந்த உபரிப் படத்தை எடுத்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் பேரம் பேசப் போக வேண்டிய தேவையும் இல்லை. அமெரிக்கக் குழந்தைகளுக்கு ஐந்து சென்ட் உறையும், நமக்குத் தெருவில் பொறுக்கிய காலித் தீப்பெட்டியும் தந்தது இந்தச் சூதாட்டத்தைத்தான். ஒருவனிடம் இருப்பது மற்றவனிடம் இல்லை என்ற நிலை இருந்தால்தான் பேச்சு பிறக்கும், நட்பும் சண்டையும் பிறக்கும். என் அண்ணன் மகளுக்கு ஒரு தொகுப்பு வாங்கிக் கொடுத்தேன். அவள் இருபதையும் ஒரே மாலையில் தன் மடிக்கணினி மூடியில் ஒட்டி முடித்து, படமெடுத்து நண்பர்களுக்கு அனுப்பிவிட்டு, "சித்தப்பா, செம" என்றாள். அவளுக்கு இது அலங்காரம். அதில் தவறில்லை, ஆனால் சேகரிப்பு என்பது இதுவன்று.

பெயரில்லாமல் விற்பதன் காரணத்தை ஊகிக்க முடிகிறது. பெரிய நிறுவனங்களின் சின்னங்களைத் தொட்டால் வழக்கறிஞர் கடிதம் வரும் என்ற அச்சம் இருக்கும். டாப்ஸுக்கே அது நேர்ந்தது. சில நிறுவனங்கள் எதிர்த்ததால் சில அட்டைகளை அது நிறுத்தியது, "கேபேஜ் பேட்ச் கிட்ஸ்" பொம்மைகளைக் கேலி செய்து 1985-இல் வெளியிட்ட "கார்பேஜ் பெயில் கிட்ஸ்" படங்களுக்காக அந்தப் பொம்மை நிறுவனம் தொடுத்த வழக்கைச் சமரசத்தில் முடித்துக்கொண்டது. நம் நாட்டில் 2011-இல், டாடா நிறுவனத்தின் சின்னத்தைக் கேலியாகப் பயன்படுத்திய கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பின் கணினி விளையாட்டுக்கு இடைக்காலத் தடை விதிக்க தில்லி உயர் நீதிமன்றம் மறுத்தது. ஆனால் அது ஓர் இயக்கத்தின் விமர்சனம். இவை விற்பனைக்கு வரும் பொருள்கள். எனவே அந்தத் தம்பி முகம் காட்டாமல் இருப்பதை நான் குறைசொல்ல மாட்டேன். டாப்ஸ் தன் சொந்த பஸூக்கா பபிள்கம்மையே "கட்ஸூக்கா" என்று கேலி செய்து ஒரு ஸ்டிக்கர் வெளியிட்டது. அந்த நேர்மையை இங்கும் எதிர்பார்க்கலாம். தங்கள் தொகுப்பையே பகடி செய்யும் இருபத்தொன்றாவது ஸ்டிக்கர் ஒன்று இருந்திருக்கலாம்.

இரண்டாம் தொகுப்பு வரவிருக்கிறது என்று கடைக்காரர் சொன்னார். அதை முழு உறையாக விற்காமல், மூன்று மூன்றாக மூடிய சிறு பொட்டலங்களில் இருபது இருபத்தைந்து ரூபாய்க்கு விற்றால் பிள்ளைகள் திரும்பத் திரும்ப வருவார்களே என்று யோசனை சொன்னேன். அவர் மேசையைத் துடைத்துக்கொண்டே, "வரும் சார். ஆனா ஒரே படம் ரெண்டு தடவை வந்துச்சுன்னா, அம்மாவைக் கூட்டிக்கிட்டு வந்து மாத்திக் குடுங்கன்னு நிப்பாங்க. யார் பதில் சொல்றது?" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மாற்றித் தர வேண்டியவன் எதிர்வீட்டுப் பையன் என்பதை இன்றைய பிள்ளைகளுக்கு யார் சொல்வது என்று நானும் கேட்டுவிட்டு, இன்னொரு தொகுப்புக்குப் பணம் கொடுத்தேன். வாங்க விரும்புவோர் மாலை கூட்டத்துக்கு முன்பே செல்வது நல்லது. கடை குறுகியது, அந்தத் தெருவில் வண்டி நிறுத்த இடமும் கிடைப்பதில்லை. ரொக்கம், ஜிபே இரண்டும் உண்டு. உறையைப் பிரித்துப் பார்க்க அனுமதிக்கிறார். வாங்குவதற்கு முன் "லைஃப் போய்" உள்ளே இருக்கிறதா என்று ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள், நான் இரண்டாவதாக வாங்கியதில் அதற்குப் பதில் "போர்லிக்ஸ்" இரண்டு இருந்தன.